கெர்லாக் தன் பாட்டுகளைச் செலவழித்த குளிர்காலம்

ஹாசல்வார்ட் கோட்டையின் பிரபு மார்க்வார்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில், பாடகன் கெர்லாக் பாடிக்கொண்டிருந்த பாட்டின் மூன்றாவது சரணத்தில் இறந்துபோனார். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் அவர் இறந்தது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு மேசையில் விரலால் தட்டினார், ரொட்டியைப் பிட்டுக் கஞ்சியில் தோய்த்தார், ஐந்தாவது சரணத்தில் வரும் கஞ்சப் பிரபுவைப் பற்றிய வேடிக்கைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவும் செய்தார்.

முதலில் கண்டுபிடித்தவள் சமையல்காரி மெக்தில்ட். கோப்பையை நீட்டும்போது அவர் கை அவள் கையில் பட்டது. இரண்டு புருஷன்மாரைக் குளிப்பாட்டிக் குழிக்கு அனுப்பியவள் அவள். அந்தக் குளிரை அவளுக்குத் தெரியும். அவள் கோப்பையைச் சிந்தாமல் வைத்துவிட்டு, பிரபுவின் மனைவி யூட்டாவின் காதருகே குனிந்து, "அம்மா, ஐயா போயிட்டார், ஆனா இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்" என்றாள்.

யூட்டா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில், பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்து, அவர் மெல்ல நாற்காலியின் கைப்பிடிமேல் சாய்ந்தார். அறை எழுந்து நின்றது. வேறென்ன செய்வதென்று தெரியாத கெர்லாக், பிடிலை எடுத்துக் கோடைப் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். முதல் வரி முடிவதற்குள் பிரபு நிமிர்ந்து உட்கார்ந்து, "உப்பு எங்கே வெச்சீங்க?" என்று கேட்டார். உப்புக் கிண்ணத்தை யாரோ அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

அதிசயப்பட அங்கே யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. யூட்டாவுக்கு அப்போது மாதம் ஏழு. அந்தப் பக்கத்து வழக்கப்படி, தகப்பன் உயிரோடிருக்கும்போது குழந்தை பிறந்து, அதன் அழுகையை வீட்டின் நான்கு சுவர்களும் கேட்டால்தான், ஆணோ பெண்ணோ, அது வாரிசு. தகப்பன் முந்திக்கொண்டால் கோட்டையும் நிலமும் அந்த நாட்டை ஆளும் கோமகனுக்குத் திரும்பிப் போகும். கோமகனோ அந்த நிலத்தை வைடன்ஸ்டைன் பிரபுவுக்குத் தருவதாக எப்போதோ வாய்வார்த்தை கொடுத்திருந்தான். வைடன்ஸ்டைன்காரர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது எப்படி என்று ஹாசல்வார்ட்டில் எல்லோருக்கும் தெரியும். உறைபனிக்காலத்தில் வீடுகளுக்குத் தீ வைத்து ஆட்களை ஆற்றின்மேல் விரட்டிவிட்டார்கள்; உறைந்த ஆற்றில் வெறுங்காலோடு நடந்து வந்தவர்களில் மெக்தில்ட்டின் தங்கையும் ஒருத்தி, அவளுக்கு இப்போது ஒரு காலில் விரல்கள் இல்லை.

ஆகவே பிரபு இறக்கவில்லை என்று அந்த மாலையே முடிவாயிற்று. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. வாசல் காவலன் கதவைத் தாழிட்டான், தச்சன் செய்யத் தொடங்கியிருந்த சவப்பெட்டியை உடைத்து அடுப்புக்குக் கொடுத்தான், பாதிரியார் அன்செல்ம் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு, "பயணத்தில் இருக்கிறவங்களுக்காக ஜெபிப்போம்" என்றார், அவ்வளவுதான்.

பிரபுவுக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. சில நாட்களில் வைடன்ஸ்டைனின் படைவீரன் லுடோல்ஃப், ஆட்களை அக்கரையில் கூடாரம் போட்டு நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஒரு பீப்பாய் ஒயினோடு விருந்தாளியாக உள்ளே வந்தான். "பிரபு பூரணமா குணமாகிறவரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்துட்டு வரச் சொல்லி உத்தரவு" என்றான். விருந்தாளியைத் திருப்பி அனுப்ப எந்தக் கோட்டைக்கும் உரிமை கிடையாது. மெலிந்த, மரியாதையான ஆள் அவன். தட்டில் எலும்பைக்கூட ஒழுங்காக அடுக்கி வைப்பான், பேசுகிறவர்களின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பான்.

அன்றுமுதல் ஹாசல்வார்ட் புதிய வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டது. பொழுது விடியும்முன் பிரபுவைத் தேவாலயத்துக் கல்மேடையிலிருந்து நாலு பேர் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, தாடியில் படிந்த உறைபனியைத் துடைத்து, கழுத்துவரை கரடித்தோலைப் போர்த்துவார்கள், கெர்லாக் பாடுவான், பிரபு கண்ணைத் திறப்பார். பிறகுதான் லுடோல்ஃபை எழுப்பிச் சாப்பிட அழைப்பார்கள். "ஐயா பாட்டுக்குள்ள இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் கோட்டைக்குள் யாரும் அறைக்குள் நுழைந்தார்கள், ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்பது போல. வேட்டைநாய்கள் மட்டும் உள்ளே வர மறுத்தன. அவற்றுக்குச் சொறி என்று சொல்லிச் சமாளித்தார்கள். வரப்புத் தகராறோடு வந்த குடியானவர்கள் இரண்டு பேர், செத்தவரிடம் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போகும் வழியில், முன்பெல்லாம் இவ்வளவு பொறுமையாக அவர் கேட்டதில்லை என்று பேசிக்கொண்டார்கள். யூட்டா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள், லுடோல்ஃப் குலுக்க நேர்ந்தால் கொஞ்சமாவது சூடு இருக்கட்டும் என்று.

பிரபுவுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் காலை மற்றவர்கள் வருமுன் அவர் கெர்லாக்கைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் போயிட்டேன், இல்லையா?"

"ஆமாம் பிரபு."

"எப்போ?"

"மூணாவது சரணத்துல."

அவர் யோசித்தார். "அது நல்ல சரணமாச்சே" என்றார். பிறகு, "உள்ளே ரொம்ப தூரமா இருக்கு, கெர்லாக். நீ பாடும்போது யாரோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்து பாடற மாதிரி கேட்குது. ஒவ்வொரு நாளும் மலை கொஞ்சம் பெரிசாகுது" என்றார்.

அது உண்மைதான். முதல் நாளில் ஒரு பாட்டு இருட்டும்வரை அவரைத் தாங்கியது. புதுவருஷம் பிறந்தபோது அரைநாள்கூடத் தாங்கவில்லை. இன்னொன்றையும் அதற்குள் எல்லோரும் தெரிந்துகொண்டிருந்தார்கள். அவருக்காகப் பாடிய பாட்டு இரண்டாவது தடவை வேலை செய்யாது. வேலை செய்யாதது மட்டுமல்ல, மறுநாள் காலையில் அந்தப் பாட்டே இருக்காது. கெர்லாக்கின் தொண்டையிலும் இருக்காது, விரலிலும் இருக்காது, கேட்டவர்கள் நினைவிலும் இருக்காது. ரைன் நதிக்கரைச் சத்திரங்களில் அவன் பாட்டைப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் நின்று, வாயைத் திறந்தபடி கூட்டத்தைப் பார்த்ததாகப் பின்னாளில் வணிகர்கள் வந்து சொன்னார்கள்.

கெர்லாக்கிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது. அவன் ஓர் ஏழைப் படைவீரனின் மூன்றாவது மகன். நிலம் மூத்தவனுக்கு, தேவாலயம் அடுத்தவனுக்கு, இவனுக்குக் கிடைத்தது சுவரில் தொங்கிய பிடில். இருபது வயதில் கிளம்பி அரண்மனை அரண்மனையாகப் போனான். ஒருவர் உடுத்தியிருந்த மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார், இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார், இரண்டு பேரைப் பற்றியும் பாட்டுக் கட்டினான். விடியலில் காவல்காரன் குரல் கேட்டுப் பிரியும் காதலர்களைப் பற்றி, சிலுவைப் போருக்குப் போய் மணலில் காய்ச்சலோடு கிடந்ததைப் பற்றி, உறைபனி உருகும் சத்தத்தைப் பற்றி, தன் தாயின் கோபத்தைப் பற்றியெல்லாம் பாடினான். அந்தக் காலத்துப் பாடகர்கள் எல்லோரையும்போல, எட்டாத ஒரு சீமாட்டியைப் பற்றியும் பாடினான். அது அந்த நாட்டில் பெரியவர்கள் ஆடுகிற ஓர் ஆட்டம். கணவன் எதிரிலேயே அவன் மனைவியைப் புகழலாம், ஏங்கலாம், உருகலாம், எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு விதி உண்டு. பெயரைச் சொல்லக் கூடாது.

ஒரு குளிர்காலத்துக்கு என்று ஹாசல்வார்ட் வந்தவன் ஏன் அங்கேயே தங்கிவிட்டான் என்று யாரும் கேட்டதில்லை.

தை மாதப் பனி ஜன்னலை மூடத் தொடங்கியபோது அவன் புதிதாகப் பாட்டுக் கட்டிப் பார்த்தான். அவசரத்துக்குக் கட்டிய அந்தப் பாட்டுகளுக்குப் பிரபு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, பாதி வார்த்தை சொல்லி, மறுபடி மூடிக்கொண்டார். இவன் வாழ்ந்து கட்டியவை மட்டும்தான் மலையைத் தாண்டிப் போயின. எனவே விடியல் பாட்டுகள் போயின, போர்ப்பாட்டு போயிற்று, தாயின் கோபமும் போயிற்று. மறுநாள் மெக்தில்ட் அடுப்படியில், "உங்கம்மா கரண்டியைத் தூக்கிக்கிட்டு வருமே, அந்தப் பாட்டைப் பத்திப் பேசிச் சிரிச்சோமே, பாட்டுக்காரரே, அது எப்படி வரும்?" என்று கேட்டாள். கெர்லாக் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மா கரண்டியைத் தூக்குமா?" என்றான். அவள் அதன்பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாளும் தேனும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய பாலை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

லுடோல்ஃப் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தினமும் ஒரு பாட்டு, ஒன்றும் திரும்ப வருவதில்லை, பாட்டுக்குப் பிறகுதான் பிரபு பேசுகிறார். ஒருநாள் காலை யாரும் எழுப்பாமலே, பாட்டு தொடங்கும் முன், அவன் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னிக்குப் பாட்டு வேண்டாம் சீமாட்டி. தலை பிளக்குது. பிரபுகூட அமைதியா நாலு வார்த்தை பேசினாப் போதும்."

விருந்தாளியின் வேண்டுகோள். யூட்டா தலையசைத்தாள், மெக்தில்ட்டைப் பார்த்தாள். அந்த அறையின் தரையில், கீழே அடுப்படியிலிருந்து சாப்பாட்டுக் கூடையைக் கயிற்றில் ஏற்றுகிற சதுர ஓட்டை ஒன்று உண்டு. மெக்தில்ட் அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போனாள். சற்று நேரத்தில் வெங்காய வாசனையோடு சேர்ந்து, அடித்தொண்டையில் யாரோ மாவு பிசைந்துகொண்டே பாடுவது போல, கெர்லாக்கின் பாட்டு ஒன்று ஏறி வந்தது. பிரபு கண்ணைத் திறந்தார்.

"வாங்க லுடோல்ஃப். தலைவலின்னு கேள்விப்பட்டேன்."

லுடோல்ஃப் எழுந்து போய் மூடியைச் சாத்தினான். சாத்திவிட்டு அதன்மேலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பாதிப் பாட்டுத்தான் மேலே வந்திருந்தது. பிரபு ஆற்றில் மீன்பிடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், வாக்கியங்கள் நீளமாயின, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது, "வலையை... நாங்க..." என்று அவர் உதடு அப்படியே நின்றது. லுடோல்ஃப் முன்னால் குனிந்தான். அப்போது யூட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். பெண்கள் ஓடிவந்தார்கள், பாதிரியார் தடுக்கி விழுந்தார், வாசல் காவலன் லுடோல்ஃபைத் தோளோடு அணைத்து, "ஆம்பளைங்க இருக்கக் கூடாது ஐயா" என்று வெளியே தள்ளிக்கொண்டு போனான். கதவு சாத்தியபோது பிரபு கஞ்சிக் கிண்ணத்தின்மேல் கவிழ்ந்தார். யூட்டாவுக்கு வலி எதுவும் இல்லை.

சாயங்காலம் லுடோல்ஃப் படிக்கட்டில் கெர்லாக்கை நிறுத்தினான்.

"உன் மூட்டையில இன்னும் எத்தனை இருக்கு, பாடகா?"

"எது?"

"சொல்லாட்டிப் போ. எனக்கு அவசரமில்லை. பனி உருகறவரைக்கும் நான் காத்திருப்பேன். மூட்டை காத்திருக்குமா?"

மூட்டை காத்திருக்கவில்லை. மாசி வந்தபோது, பாடி முடித்ததும் ஊதி அணைத்த திரியின் புகை அடங்கும் நேரம்கூடப் பிரபு தங்கவில்லை. பாட்டு நடக்கும்வரைதான் அவர். எனவே லுடோல்ஃபை எதிரே உட்காரவைத்துக்கொண்டே பாடினான் கெர்லாக், நீளமானதைப் பாடினான், பிரபு அதற்குள் சாப்பிட்டு, பேசி, "களைப்பா இருக்கு" என்று சொல்லிப் போர்வையை முகத்தில் இழுத்துக்கொள்வார். கோட்டையில் எல்லோரும் யூட்டாவின் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு கெர்லாக்கின் வாயைப் பார்த்தார்கள்.

அவளுக்கு வலி கண்டது ஒரு வெளிச்சமான காலையில். பனியின்மேல் வெயில் பட்டு அறைக்குள் எல்லார் முகமும் வெளுத்துத் தெரிந்தது. மருத்துவச்சி பக்கத்து அறையில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். யூட்டா கதவு நிலையைப் பிடித்தபடி கெர்லாக்கைக் கூப்பிட்டாள்.

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான், அம்மா."

"அப்போ அதைப் பாடுங்க. நான் சீக்கிரம் முடிக்கப் பார்க்கறேன்."

"அது பாடக் கூடாதது."

வலி ஒன்று வந்து போகும்வரை அவள் கண்ணை மூடியிருந்தாள். திறந்து அவனைப் பார்த்தபோது, ஏழு குளிர்காலமாக மேசையின் மறுகோடியிலிருந்து தன்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காத ஒரு மனிதனை அவள் பார்த்தாள், அவன் ஏன் பார்த்ததில்லை என்பதும் அவளுக்கு அப்போது தெரிந்தது.

"பாடுங்க, கெர்லாக்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். லுடோல்ஃப் சாட்சியாக, கோமகனின் பேரால், பிரபுவுக்கு நேர் எதிரே நின்றான். அவன் இடுப்பில் கத்தி இருந்தது. போர்வையை விலக்கச் சொல்ல அவன் வாயெடுத்தபோது கெர்லாக் பாடத் தொடங்கினான்.

அந்தப் பாட்டில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கும் வழியில்லை, ஏனென்றால் அது இப்போது எங்கேயும் இல்லை. அதைக் கேட்டவர்கள் முகத்தில் நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். பாதிரியார் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். வாசல் காவலன் தலையைக் குனிந்துகொண்டான். மெக்தில்ட் மேலாடை முனையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிரபு கண்ணைத் திறந்து, முதல் சரணத்தை மலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவதில் அவர் விரல் மேசையில் தட்டவில்லை.

லுடோல்ஃப் சிரித்தான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

"பிரபுவே, பேரைச் சொல்றான். உங்க மனைவி பேரை, உங்க மேசையில, இத்தனை பேர் முன்னால சொல்றான். யூட்டான்னு சொல்றான். எங்க ஊர்ல இதுக்கு நாக்கை அறுப்போம். உங்க ஊர்ல எப்படி?"

அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தான். பாடகன் செத்தால் பாட்டு நிற்கும்; பாட்டு நின்றால் நாற்காலியில் பிணம்தான் மிஞ்சும். தன் கையைக் கறையாக்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

பிரபு எழுந்தார். இறந்ததிலிருந்து அவர் தன் காலில் நின்றது அதுவே முதல் தடவை. கரடித்தோல் தரையில் விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த வாளை எடுத்தார், உறையிலிருந்து உருவினார், மேசையைச் சுற்றிக்கொண்டு, உறைந்த மூட்டுகள் கிரீச்சிட, கெர்லாக்கை நோக்கி நடந்து வந்தார். யாரும் குறுக்கே போகவில்லை. கெர்லாக் பின்வாங்கவில்லை, பாட்டை வேகமாக்கினான், எப்படியாவது இன்னும் இரண்டு வரியாவது உள்ளே போகட்டும் என்பது போல. பக்கத்து அறையில் யூட்டா அலறுவது கேட்டது. பிரபு அவன் மூச்சு தன் முகத்தில் படும் தூரத்தில் நின்றார்.

"கெர்லாக்" என்றார். "அவசரப்படாதே. மெதுவாப் பாடு."

வாளின் முனையைத் தரைப்பலகையில் ஊன்றி, பிடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, தோட்டத்து வேலியில் சாய்ந்து கேட்கிற ஆளைப்போல நின்றுகொண்டார். லுடோல்ஃபைத் திரும்பிப் பார்க்காமலே, "இது அவளுக்குச் சேரவேண்டியதுதான். நான்தான் எதுவும் சொன்னதில்லை" என்றார். பிறகு, "அந்தக் கடைசி சரணத்தை இன்னொரு தடவை" என்றார்.

கெர்லாக் அதை இன்னொரு தடவை பாடினான். ஒவ்வொரு அசையையும் மூச்சு தீரும்வரை இழுத்தான். குரல் கம்மியது, உடைந்தது, ஒரு நரம்பு அறுந்து பிடில் தனியே அனத்தியது. பிரபுவின் முழங்கால் மெல்ல வளையத் தொடங்கியது. வார்த்தைகள் தீர்ந்து அந்தப் பெயரின் கடைசி எழுத்து மட்டும் பாக்கியிருந்தபோது, அவன் அதையே பிடித்துக்கொண்டு, முகம் கறுத்து, கண்ணில் நீர் வழிய, விடாமல் நின்றான். கதவு திறந்தது. குழந்தையின் அழுகை அந்த அறையின் கிழக்குச் சுவரில் மோதி, மேற்கில் மோதி, தெற்கிலும் வடக்கிலும் மோதிக் கேட்டது. கடைசியாகக் கேட்டது லுடோல்ஃப் சாய்ந்து நின்ற சுவர்.

மருத்துவச்சி குழந்தையை நீட்டினாள். பிரபு ஒரு விரலால் அதன் நெற்றியைத் தொட்டார். குளிர் பட்டு அது இன்னும் உரக்க அழுதது. "பொண்ணு" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பொண்ணு. லுடோல்ஃப், கேட்டீங்களா?"

அறை முழுக்க அவனையே பார்த்தது. கடைசியில், "கேட்டேன்" என்றான்.

கெர்லாக்கின் மூச்சு தீர்ந்தது. பிரபு வாளோடு சேர்ந்து முழங்காலிட்டு, ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டார்.

அவரை மறுநாள் அடக்கம் செய்தார்கள். மண் இறுகிக் கிடந்ததால் குழி தோண்டத் தீ மூட்டவேண்டியிருந்தது. லுடோல்ஃப் அதற்கும் இருந்துவிட்டுத்தான் போனான். செத்தவன் நடந்தான் என்று கோமகனிடம் சொன்னால் யார் நம்புவார்கள், சிரிப்பார்கள். அக்கரைக் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. வாசல் காவலன் அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் தூங்கினான்.

யூட்டா எழுந்து நடமாடத் தொடங்கியபோது, ஆளில்லாத அந்த அறையில் கெர்லாக் அறுந்த நரம்பை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி எதிரே உட்கார்ந்தாள். ஆடையில் பால் கறை இருந்தது.

"என்ன பாடினீங்கன்னு யாருக்கும் தெரியலை" என்றாள். "நான் உள்ளேயிருந்து கேட்டேன். கேட்டதுதான் ஞாபகம் இருக்கு."

"எனக்கும் தெரியலை, அம்மா."

"ஒண்ணுமே?"

அவன் தேடிப்பார்த்தான். முகத்தில் கூச்சம் வந்தது. ஏழு குளிர்காலமாக அவன் அவளை எல்லோரையும்போல அம்மா என்றுதான் அழைத்திருந்தான். அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு பாட்டில் மட்டும்தான், அதைத் தனக்குள் வைத்திருந்ததும் அந்த ஒரு பாட்டில் மட்டும்தான்.

"தப்பா நினைக்காதீங்க" என்றான். "உங்க பேர் என்ன?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து உருகின பனி சறுக்கி விழுந்தது.

"யூட்டா" என்றாள்.

அவன் அதைக் குரல் எழாமல் உதட்டால் மட்டும் ஒருதடவை சொல்லிப் பார்த்தான். பிறகு, புதிய ஊருக்கு வந்து சேர்ந்த வழிப்போக்கனைப்போல நிமிர்ந்து, நேருக்கு நேர், அவள் முகத்தைப் பார்த்தான்.